சின்ன ர, பெரிய ற: மயங்கொலிச் சொற்களைப் பிழையின்றி எழுத ஒரு முழுமையான வழிகாட்டி

ஒரு வீட்டு வாசலில் அட்டை தொங்குகிறது: 'அரை வாடகைக்கு விடப்படும்.' வீட்டுக்காரர் பாதி வாடகைக்கு விடுகிறாராம். உள்ளே போய்க் கேட்டால் முழு வாடகையோடு ஆறு மாத முன்பணமும் கேட்பார். அவர் விட நினைத்தது அறையை. இரண்டு தெரு தள்ளி ஓர் உணவகப் பலகையில் 'உருளைக்கிழங்கு பொறியல்' இருக்கிறது. பொறியியல் படித்த உருளைக்கிழங்கு போலிருக்கிறது.

சிரித்துவிட்டேனே தவிர, நானும் இதில் அடிபட்டவன்தான். அச்சகம் ஒன்றில் மெய்ப்புத் திருத்தும் வேலையில் சேர்ந்த புதிதில், என் கண் முன்னால் கடந்து போன ஒரு திருமண அழைப்பிதழில் 'மனமகள்' என்று அச்சாகிவிட்டது. 500 பிரதிகள். பெண்ணின் தந்தை அழைப்பிதழை மேசையில் வைத்து, அந்த ஒரு எழுத்தின் மேல் விரலை வைத்துவிட்டு ஒன்றும் பேசாமல் நின்றார். திட்டியிருந்தால் மறந்திருப்பேன்.

ஒலியில் ஒன்றுபோல் கேட்டு, எழுத்திலும் பொருளிலும் வேறுபடும் இந்தச் சொற்களுக்கு இலக்கணத்தில் மயங்கொலிச் சொற்கள் என்று பெயர். மயக்கம் தரும் எழுத்துகள் எட்டே எட்டு: ண, ன, ந, ல, ள, ழ, ர, ற. பள்ளியில் இவற்றுக்கு நீளமான பட்டியல் கொடுத்து மனப்பாடம் செய்யச் சொன்னார்கள். அலை, அளை, அழை என்று பாட்டுப்போல் ஒப்பித்தோம், தேர்வு முடிந்ததும் மறந்தோம். பட்டியலைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம். ஒரு சொல்லை எப்படி எழுதுவது என்று சந்தேகம் வந்தால், அந்தச் சொல்லையே உற்றுப் பார்ப்பதில் பயனில்லை. அதன் உறவுக்காரர்களை விசாரிக்க வேண்டும். இறந்த காலம், கூட்டுச் சொல், உருபேற்ற வடிவம் ஆகிய மூன்றில் யாராவது ஒருவர் உண்மையைச் சொல்லிவிடுவார்.

முதல் படி: உங்கள் மயக்கம் எது?

எல்லாருக்கும் எல்லா எழுத்தும் மயங்குவதில்லை. நெல்லை, மதுரைப் பக்கத்துப் பேச்சில் மழை 'மளை' ஆகிறது. சென்னையின் சில பகுதிகளில் வாழைப்பழம் 'வாயப்பயம்' ஆகிறது. கன்னியாகுமரி மாவட்டத்திலும் யாழ்ப்பாணத்திலும் 'காற்று', 'நேற்று' ஆகியவற்றின் ற்ற ஒலி இன்றும் தனித்து நிற்கிறது. நம்மில் பெரும்பாலோருக்கு ர, ற இரண்டும் ஒரே ஒலிதான்.

ஆகவே ஒரு சோதனை. செய்தித்தாளிலிருந்து ஒரு பத்தியை வீட்டில் யாரையாவது வாசிக்கச் சொல்லி, கேட்டு எழுதுங்கள். பிறகு ஒப்பிட்டு, பிழைகளை ணகரப் பிழை, லகரப் பிழை, ரகரப் பிழை என்று மூன்றாகப் பிரித்துக் குறியுங்கள். எந்தக் குவியல் பெரிதோ, அதிலிருந்து தொடங்குங்கள்.

காது எங்கே உதவும் என்பதையும் தெரிந்துகொள்வது நல்லது. ல சொல்லும்போது நாக்கின் நுனி மேல்பல்லின் அடியைத் தொடுகிறது. ள சொல்லும்போது நாக்கு மேலே வளைந்து அண்ணத்தைத் தொடுகிறது. ழ சொல்லும்போது வளையும், ஆனால் எதையும் தொடாது. ன, ண இரண்டுக்கும் இதே வேறுபாடுதான்: இரண்டு சுழி ன பல்லின் அடியில், மூன்று சுழி ண அண்ணத்தில். இவற்றை வாய்விட்டுச் சொல்லிப் பழகினால் கை தானாகத் திருந்தும். ஆனால் ந, ன இரண்டுக்கும் இடையிலும், ர, ற இரண்டுக்கும் இடையிலும் காதை நம்ப வேண்டாம். அங்கே பேச்சில் வேறுபாடே ஏறக்குறைய அழிந்துவிட்டது. மூளையைத்தான் நம்ப வேண்டும்.

இரண்டாம் படி: முதலும் முடிவும்

இது மிக எளிது. சொல்லின் முதலில் ண, ன, ள, ழ, ற ஆகிய ஐந்தும் வருவதில்லை. றகரம், ழகரம் என்று எழுத்தின் பெயரைச் சொல்லும்போது மட்டும் விதிவிலக்கு. எனவே சொல்லின் முதலில் ந, ல, ர மூன்றுக்குத்தான் இடம்: நாய், நர்ஸ், லாரி, ரயில். பழைய மரபில் ர, ல இரண்டும்கூட முதலில் வரக் கூசின. அதனால்தான் இராமன், இலண்டன் என்று முன்னால் ஓர் இகரத்தைத் துணைக்கு வைத்தார்கள்.

சொல்லின் முடிவில் ற், ந் இரண்டும் வராது. ஊர், அவர், மலர் என எல்லாம் ர்தான். ஆக, ர, ற குழப்பம் சொல்லின் நடுவில் மட்டும்தான். பாதி வேலை முடிந்துவிட்டது பாருங்கள்.

முடிவில் வரும் ல், ள் பெரும்பாலும் ஒட்டுகள். பன்மைக்குக் 'கள்', பெண்பாலுக்கு 'ஆள்', இடத்துக்கு 'இல்', கருவிக்கும் நிபந்தனைக்கும் 'ஆல்'. அவள் வந்தாள் என்றால் அவள் வந்துவிட்டாள். அவள் வந்தால் என்றால் இன்னும் காத்திருக்கிறோம். கதை எழுதுகிறவர்கள் இந்த ஓர் இடத்தில் மட்டும் கவனமாக இருந்தால் மெய்ப்புத் திருத்துபவர்களின் ஆயுள் கூடும்.

மூன்றாம் படி: பக்கத்து வீட்டைப் பாருங்கள்

ண, ந, ன மூன்றுக்கும் உள்ள பழைய பெயர்களே விடையைச் சொல்லிவிடுகின்றன: டண்ணகரம், தந்நகரம், றன்னகரம். ட பக்கத்தில் இருந்தால் ண் (வண்டி, நண்டு). த பக்கத்தில் இருந்தால் ந் (பந்து, சொந்தம்). ற பக்கத்தில் இருந்தால் ன் (கன்று, நன்றி). இவை இன எழுத்துகள், இடம் மாறி உட்கார மாட்டா. 'அவன்தான்' போல 'தான்' ஒட்டும் இடங்களில் மட்டும் முன் சொல் மாறாமல் நிற்கும்.

ந என்ற எழுத்து சொல்லின் நடுவில் வேறு எங்கே வரும்? இரண்டு சொற்கள் சேர்ந்த இடத்தில் வரும்: அந்நாள், இந்நேரம், அநீதி. முந்நூறு என்றால் 300. முன்னூறு என்றால் முன்னால் உள்ள நூறு. காசோலை எழுதும்போது நினைவிருக்கட்டும். இன்னோர் இடம் 'நர்' என்ற விகுதி. இயக்கு, ஓட்டு, அனுப்பு, பெறு ஆகிய ஏவல் வினைகளோடு அது சேர்ந்தால் இயக்குநர், ஓட்டுநர், அனுப்புநர், பெறுநர். உறுப்பு, குடும்பம் ஆகிய பெயர்ச்சொற்களோடு சேர்வது 'இனர்': உறுப்பினர், குடும்பத்தினர். 'இயக்குனர்' என்று எழுதுவோர் ஏராளம். என் கை தந்நகரத்தைத்தான் எழுதும்.

அடுத்தது எனக்கு மிகவும் பிடித்த விதி. இரண்டு மெய்கள் அடுத்தடுத்துப் புள்ளியோடு நின்றால், அவற்றில் முதலாவது ய், ர், ழ் மூன்றில் ஒன்றாகத்தான் இருக்க முடியும். காய்ச்சல், வளர்ச்சி, பார்த்தான், வாழ்க்கை, மகிழ்ச்சி. இந்த ஒரு விதி இரண்டு வகைப் பிழையை ஒரே வீச்சில் தீர்க்கிறது. 'மகிள்ச்சி' என்று எழுத முடியாது, ஏனென்றால் ளகரத்துக்குப் பின் இரட்டிப்பு வராது. 'முயற்ச்சி', 'பயிற்ச்சி', 'அதற்க்கு', 'கற்ப்பனை' எல்லாமே பிழை, ஏனென்றால் றகரத்துக்குப் பின்னும் வராது. முயற்சி, பயிற்சி, அதற்கு, கற்பனை என்பவையே சரி. டகரமும் அப்படித்தான்: காட்சி, நட்பு. 'ற்க்' என்ற இணையைக் கண்டாலே க் புள்ளியை அடித்துவிடலாம். யோசிக்கவே வேண்டாம்.

நான்காம் படி: நேற்று என்ன நடந்தது?

இதுதான் இந்த வழிகாட்டியின் உயிர். கொல், கொள் இரண்டையும் வேகமாகச் சொன்னால் குழப்பம் வரும். இறந்த காலத்துக்குக் கொண்டுபோங்கள்: கொன்றான், கொண்டான். இப்போது குழப்பம் எங்கே?

லகரம் இறந்த காலத்தில் பெரும்பாலும் ன்ற அல்லது ற்ற ஆகக் கரையும். செல் சென்றான், வெல் வென்றான், நில் நின்றான், கல் கற்றான், வில் விற்றான். ளகரம் ண்ட அல்லது ட்ட ஆகக் கரையும். ஆள் ஆண்டான், மீள் மீண்டான், உருள் உருண்டான், கேள் கேட்டான். ழகரமோ கரையாது, தான் நின்ற இடத்திலேயே நிற்கும். வாழ் வாழ்ந்தான், சூழ் சூழ்ந்தான், தாழ் தாழ்ந்தான், அழு அழுதான், தொழு தொழுதான்.

பயன்படுத்திப் பாருங்கள். தோல்வியா, தோள்வியா? தோற்றான். ற்ற வந்துவிட்டது, எனவே தோல்வி. கேள்வியா, கேல்வியா? கேட்டான், எனவே கேள்வி. ஆழ்ந்த சிந்தனையா, ஆள்ந்த சிந்தனையா? ஆள் என்றால் 'ஆண்ட' என்று கரைந்திருக்க வேண்டும். கரையவில்லை, ஆகவே ஆழ்ந்த. கொள்முதல் செய்கிறவர் சரக்கைக் கொண்டு வருகிறார், யாரையும் கொன்று வரவில்லை.

றகரத்துக்கும் இதே வழி. பெறு பெற்றான், உறு உற்றான். வினை பிறவினையாகும்போதும் இரட்டிக்கும்: மாறு மாற்று, ஏறு ஏற்று, தேறு தேற்று. ரகரம் இப்படி இரட்டிக்காது. வறுவலா, வருவலா என்று உணவகங்கள் இன்னும் முடிவுசெய்யவில்லை. ஈரம் போன குடும்பத்தை வரிசையாக நிறுத்துங்கள்: வற்றல், வறட்சி, வறுத்தான், வறுவல். எல்லாருக்கும் பெரிய ற. 'வருவல்' தட்டில் வருவதைத்தான் குறிக்கும்.

ஐந்தாம் படி: உருபையும் கூட்டாளியையும் சேருங்கள்

வினைச்சொல் இல்லையென்றால் இறந்த காலம் கிடையாது. அப்போது 'இல்' உருபைச் சேர்த்துப் பாருங்கள். ஆறு ஆற்றில், சோறு சோற்றில், கிணறு கிணற்றில், வயிறு வயிற்றில். இரட்டித்தால் ற. ஊர் ஊரில், வேர் வேரில், தேர் தேரில். இரட்டிக்காவிட்டால் ர. 'வேறு' என்பதற்கு வேற்றுமை இருக்கிறது, 'வேர்' என்பதற்கு இல்லை.

இதே சோதனையைத் தலைகீழாகச் செய்து தமிழ்நாடு முழுவதும் கெடுத்துவைத்திருக்கும் ஒரு சொல் உண்டு: 'இந்தச் சுவற்றில் விளம்பரம் செய்யாதீர்.' சுவற்றில் என்றால் மூலச்சொல் 'சுவறு' என்று இருக்க வேண்டும். நம் வீட்டில் இருப்பது சுவர். எனவே சுவரில். சுவர்க்காரருக்கு விளம்பரத்தின் மேல் கோபம், எனக்கு அவர் எழுத்தின் மேல்.

ல, ள, ன, ண நான்குக்கும் கூட்டுச் சொல்லே சாட்சி. ல், ன் இரண்டும் வல்லினத்துக்கு முன் ற் ஆகும். ள், ண் இரண்டும் ட் ஆகும். கடற்கரை, எனவே கடல். பொற்காலம், எனவே பொன். நாட்குறிப்பு, எனவே நாள். மட்பாண்டம், எனவே மண். உடம்பை மூடியிருப்பது தோலா தோளா? தோற்பாவைக்கூத்து என்கிறோம், எனவே தோல். போரில் வீசுவது வாலா வாளா? வாட்போர், எனவே வாள்.

ஒரு குடும்பத்தைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்கலாம்: நீர்.

தண் என்றால் குளிர்ச்சி. தண் + நீர் = தண்ணீர். ண் முன்னால் நிற்பதால், பின்னால் வந்த நகரமும் ணகரமாகிவிட்டது. கண் + நீர் = கண்ணீர், அதே கணக்கு. தெள் + நீர் = தெண்ணீர், ளகரமும் ண்ண ஆக்கும். நல் + நீர் = நன்னீர், லகரம் ன்ன ஆக்கும். வெம்மை + நீர் என்னும்போது வெம்மையின் மகரம் நகரமாகி வெந்நீர் ஆகிறது. செம்மை சேர்ந்தால் செந்நீர். ஆகவே 'வென்னீர்' பிழை. இளநீரில் இரண்டு சொல்லும் மாறாமல் நிற்கின்றன. தேநீரிலும் அப்படித்தான்: தே என்பது தேயிலையின் தே. 'தேனீர்' என்று எழுதிய கடையில் தேன் கலந்த நீரைக் கேட்டுப் பாருங்கள், அதே தேநீர்தான் வரும்.

இந்தக் கணக்கு பிடிபட்டால் சமையலறை முழுவதும் திருந்திவிடும். எள் + நெய் = எண்ணெய். நல்லெண்ணெய், தேங்காய் எண்ணெய் என எல்லாவற்றிலும் அந்த நெய் ஒளிந்திருக்கிறது. எனவே 'எண்ணை' அல்ல. வெண் + நெய் = வெண்ணெய்.

ஆறாம் படி: விசாரணைக்கு மசியாதவை

உயிரொலியில் முடியும் சொற்கள் சில எந்தச் சோதனைக்கும் பிடிகொடுப்பதில்லை. ஒளி ஒளிந்தான், ஒழி ஒழிந்தான். எரி எரிந்தது, எறி எறிந்தான். இங்கே இறந்த காலமும் கையை விரித்துவிடுகிறது. 'வறுமை ஒளிப்பு' என்று எழுதினால் வறுமையை ஒழிப்பதாகாது, மூலையில் மறைத்துவைப்பதாகும். இவற்றை மனத்தில் ஏதாவது ஒரு படத்தோடு கட்டிவைப்பதைத் தவிர வேறு வழியில்லை. நான் கட்டிவைத்திருக்கும் சிலவற்றைச் சொல்கிறேன்.

மணம், மனம்: திருமணத்துக்கு மூன்று முடிச்சு, எனவே மூன்று சுழி. அந்த அழைப்பிதழுக்குப் பிறகு எனக்கு இது மறந்ததே இல்லை. மல்லிகை மணப்பதும் இதே மணம்தான். நெஞ்சுக்கு இரண்டு சுழி போதும்.

அரை, அறை: பாதிக்குச் சின்ன ர, ஆள் புழங்க இடம் வேண்டுமே, அதற்குப் பெரிய ற. கன்னத்தில் விழும் அறைக்கும் பெரியதுதான்.

வேலை, வேளை: இதுதான் நான் நாள்தோறும் திருத்தும் பிழை. 'காலை வேலையில் குளிர்ந்த காற்று வீசியது' என்று எழுதுகிறார்கள். வேலை செய்வது. வேளை பொழுது. 'ஒருவேளை', 'மூன்று வேளைச் சாப்பாடு', 'நல்லவேளை' மூன்றையும் சேர்த்து நினைவில் வையுங்கள். சாப்பாடு ஒரு பக்கம், வேலை ஒரு பக்கம்.

இரங்கல், இறங்கல்: இரக்கத்தின் பிள்ளை இரங்கல். இறக்கத்தின் பிள்ளை இறங்கல். இறப்புச் செய்தி என்பதால் றகரத்தைப் போட்டுவிடுகிறோம், அங்கேதான் கால் சறுக்குகிறது. செத்தவருக்காக நாம் இரங்குகிறோம்.

பொரி, பொறி: எண்ணெயில் பொரிவது சின்ன ர. எலிப்பொறி, தீப்பொறி, பொறியாளர் மூவருக்கும் பெரிய ற. கரி அடுப்பில் இருப்பது, கருமையின் உறவு. கறி அடுப்பின் மேல் வேகுவது. கறிவேப்பிலை கறிக்குப் போடுவது.

தினை, திணை: தினை தானியம். திணை உயர்திணை, அஃறிணை. பணி வேலை, பனி குளிர். கணம் நொடி, கனம் எடை. குழம்பு சோற்றில் ஊற்றுவது, குளம்பு மாட்டின் காலில் இருப்பது. விருந்து அழைப்பில் இதை மாற்றி எழுதிவிடாதீர்கள்.

பிழை என்று பாயக் கூடாத இடங்களும் உண்டு. பவளம், பவழம் இரண்டும் சரி. மங்கலம், மங்களம் இரண்டும் வழக்கில் உள்ளன. மதில், மதிள், உளுந்து, உழுந்து என்பனவும் அப்படியே. கறுப்பா, கருப்பா என்ற சண்டை ஓயாதது. 'கறுப்பும் சிவப்பும் வெகுளிப் பொருள' என்ற தொல்காப்பியம், அவை நிறத்தைக் குறிக்கவும் உரியவை என்று அடுத்து சொல்கிறது. அதனால் நிறத்துக்கு நான் கறுப்பு என்றே எழுதுகிறேன். ஆனால் கருமை, கருமேகம் என்னும்போது சின்ன ரதான். கருப்பு என்று எழுதுகிறவரைத் திருத்தப் போவதில்லை. ஒரே கட்டுரையில் இரண்டையும் கலந்தால் மட்டும் பேனாவை எடுப்பேன்.

கைப்பேசியில் எழுதுகிறவர்களுக்கு

ஒலிபெயர்ப்பு முறையில் தட்டுகிறவர்களுக்கு இந்தப் பிழைகள் இரட்டிப்பாக வரும். அங்கே ன, ண இரண்டும் பெரும்பாலும் ஒரே ஆங்கில எழுத்தின் சிறிய, பெரிய வடிவங்கள். விரல் அவசரப்பட்டால் சுழி குறைந்துவிடும். தமிழ்99 விசைப்பலகையில் ஒவ்வோர் எழுத்துக்கும் தனி விசை உண்டு. பழக ஒன்றிரண்டு வாரம் ஆனாலும், எந்த எழுத்து என்று ஒவ்வொரு முறையும் முடிவெடுக்க வைக்கும். பிழைதிருத்தி மென்பொருளை முழுதாக நம்பாதீர்கள். 'மனமக்கள்' என்பதைப் பிடித்தாலும் பிடிக்கும், 'மனம் முடித்தார்' என்பதை விட்டுவிடும். மனமும் அகராதியில் உள்ள சொல்தானே. எழுதி முடித்ததும் ஒருமுறை, பொருளைப் பார்க்காமல் இந்த எட்டு எழுத்துகளை மட்டும் தேடிக்கொண்டு வாசியுங்கள். கடைசி வரியிலிருந்து மேல்நோக்கி வாசித்தால் இன்னும் நல்லது, வாக்கியத்தின் ஓட்டம் கண்ணை ஏமாற்றாது.

ஒரு பயிற்சி

கீழே உள்ள வாக்கியத்தில் ஆறு பிழைகள் உள்ளன. விடையைப் பார்ப்பதற்கு முன் கையால் எழுதித் திருத்துங்கள்.

'இறங்கல் கூட்டத்திற்க்கு வந்தவள் காலை வேலையில் சுவற்றோரம் நின்று தேனீர் குடித்தால்.'

விடை: 'இரங்கல் கூட்டத்திற்கு வந்தவள் காலை வேளையில் சுவரோரம் நின்று தேநீர் குடித்தாள்.'

இரங்கலுக்கு இரக்கம் சாட்சி. 'ற்க்கு' என்பதில் இரட்டிப்பு விதி க் புள்ளியை நீக்கியது. சுவருக்கு 'இல்' உருபு, தேநீருக்குத் தேயிலை, குடித்தாளுக்கு 'ஆள்' விகுதி. வேளைக்கு மட்டும் சாட்சி யாரும் வரவில்லை. மூன்று வேளைச் சாப்பாட்டைத்தான் நினைத்துக்கொள்ள வேண்டும்.